கோயில் வாசலில் தொலைந்த ஷூ

எங்கள் சித்தப்பா, பாதிரியாராவதற்கான ஆயர் படிப்பின் கடைசி வருஷத்தில் ஒரு வாரம் ஸ்காட்லாந்து போய் வந்தார். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் விமானம் ஏறியதில்லை. வழியனுப்ப மீனம்பாக்கம் போனதே எங்களுக்கெல்லாம் வெளிநாட்டுப் பயணம் மாதிரிதான் இருந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்தப் பயணத்தில் நடந்த பெரிய விஷயம் அப்பாவின் ஷூ தொலைந்ததுதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊர்க்கோடியில் ஓடு போட்ட சர்ச், நாங்கள் கோயில் என்போம். கட்டியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவரை அனுப்பிவைத்தது ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு சிற்றூர்ச் சபை. அந்த ஊரின் பெயரை வாசலுக்கு மேலே சலவைக்கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அது எங்கள் யார் வாயிலும் நுழையாது என்பதால் ‘தாய்ச் சபை’ என்று சொல்லிக்கொள்வோம். ஞாயிறு ஆராதனையில் மழைக்கு, விளைச்சலுக்கு, நோயாளிகளுக்கு என்று வரிசையாக ஜெபித்துவிட்டு, கடைசியில் ஆயர் “எங்களைப் பெற்ற தாய்ச் சபைக்காக” என்று குரலைத் தாழ்த்துவார். பெஞ்சியில் தூங்குகிறவர்கள்கூட அதற்கு விழித்துக்கொண்டு கண்ணை மறுபடி மூடுவார்கள். அங்கிருந்து ஆள் வந்து எவ்வளவு காலமாயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

படிக்கிற கல்லூரியில், வெளிநாட்டுச் சபை ஒன்றில் ஒரு வாரம் ஊழியம் செய்ய அனுப்புகிறோம், எங்கே போக விருப்பம் என்று கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா யோசிக்காமல் சலவைக்கல்லில் இருந்த பெயரைச் சொல்லிவிட்டார். அந்த ஊர்ச் சபையாரும் வரச் சொல்லிவிட்டார்கள். சேதி தெரிந்ததும் எங்கள் சபைக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நாம இத்தினி வருசமா ஜெபம் பண்றமே, கர்த்தரு அவங்கள எப்டி வெச்சிகினு கீறாரு, அத்த வந்து சாட்சி சொல்லணும் தம்பி. அது போதும்.”

சித்தப்பா தலையாட்டினார். இந்த ஒரு வேலையைத்தான் ஊர் அவரிடம் ஒப்படைத்தது.

பிரச்சினை காலுக்கு வந்தது. அங்கே பனி கொட்டுகிற காலம். சித்தப்பாவிடம் இருந்ததோ இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. அப்பா மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே கொடுக்கிற சேஃப்டி ஷூ கறுப்புத் தோலும் இரும்பு மூக்குமாகக் கனமாக இருக்கும். கம்பெனிக்காரர்கள் எல்லாரையும் போல அப்பாவும் புதுசை எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டு, வாய் பிளந்த பழசையே போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். அன்றைக்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

“வூட்லயே உருப்படியான தோலு இதான் கீது. மாட்டிகினு போடா. காலு வெறச்சிப் போச்சின்னா அங்க இன்னாத்த பிரசங்கம் பண்ணுவ?”

விமான நிலையத்தில் அந்த இரும்பு மூக்கைக் கண்டு சோதனை மிஷின் கத்தோ கத்தென்று கத்த, சித்தப்பா ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்துத் திரும்பி எங்களுக்குக் கை காட்டியதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பியவரின் காலில் இருந்தது வேறு ஷூ. அரக்கு நிறம், பழைய மோஸ்தர், அளவு பெரிசு. முன்பக்கம் காகிதம் அடைத்திருந்தார். அப்பா முதலில் தம்பியின் காலைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. சித்தப்பா சாட்சி சொல்ல எழுந்தார். அங்கே அவர் பிரசங்கம் செய்ய வேண்டிய ஞாயிறன்று, நம்மூர்ப் பழக்கத்தில் கோயில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு உள்ளே போயிருக்கிறார். அந்த ஊரில் ராஜா வந்தாலும் ஷூவோடுதான் கோயிலுக்குள் போவாராம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஷூவைக் காணோம். வாசலில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த வேன்காரன், அதையும் ஏற்ற வேண்டிய சாமான் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான். சித்தப்பா முழு அங்கியோடு பனியில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றித் தூக்கி நின்றதை அபிநயத்தோடு காட்டினார். கடைசியில் ஒரு கிழவிதான் வீட்டுக்குப் போய், செத்துப்போன தன் புருஷனின் ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

கோயிலே குலுங்கியது. பெண்கள் பக்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆயர் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

“தாய்ச் சபை எப்டி கீது?” என்று செயலாளர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

“உங்க எல்லாரையும் ரொம்ப விசாரிச்சாங்க” என்றார் சித்தப்பா. எல்லாரும் ‘ஸ்தோத்திரம்’ என்றார்கள். சாட்சி முடிந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பா கேட்டார். “ஞாயித்துக்கெழம அதுவுமா கோயில் வாசல்ல வேனுக்கு இன்னாடா வேலை?”

“அது... ஏழைங்களுக்குக் குடுக்குற சாமான்ணா.”

அப்பா குழம்பு ஊற்றச் சொல்லிக் கையை நீட்டினார்.

நான் சித்தப்பாவின் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கல் கோயில், அதற்கு முன்னால் ஏழெட்டுக் கிழவன் கிழவிகள். அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் என்றால் எனக்கு மாமல்லபுரத்தில் பார்த்தவர்கள்தான். அரைக்கால் சட்டையோடு, வெயிலில் சிவந்துபோய், இளநீர் குடித்துக்கொண்டு எவ்வளவு பேர்! அவர்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை.

“மத்தவங்கள்லாம் எங்க சித்தப்பா?” என்றேன். அவர் பதில் யோசிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. “எல்லாரும் மாமல்லபுரம் வந்துட்டாங்களா?”

சித்தப்பா சிரித்தார். கோயிலில் சிரித்த மாதிரி இல்லை. அடுத்த படத்தைத் தள்ளினேன். கோயிலின் உட்புறம். பெஞ்சிகளே இல்லை. பிரசங்க பீடத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள்.

“ரிப்பேரு நடக்குது பாப்பா” என்று போனை வாங்கிக்கொண்டார்.

பிற்பாடு நான் காலேஜில் படிக்கும்போது ஒருநாள் சலவைக்கல்லில் இருந்த பெயரை போனில் தட்டிப் பார்த்தேன். கோயில் இருந்தது. உள்ளே கார்பெட் கடை நடக்கிறது. சித்தப்பா இப்போது அச்சரப்பாக்கம் பக்கம் ஆயராக இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். அது அந்தக் கோயிலின் கடைசி ஞாயிறு என்று அப்போதுதான் சொன்னார். போய் இறங்கின பிறகுதான் அவருக்கே சொல்லியிருக்கிறார்கள். மூடுகிற கோயிலில் பிரசங்கிக்க, தாங்கள் பெற்ற சபையிலிருந்தே ஒரு பிள்ளை வந்ததில் ஷூ கொடுத்த அந்தக் கிழவிக்கு அவ்வளவு சந்தோஷமாம். வேன் வந்தது பெஞ்சிகளை ஏற்ற. எங்கள் ஊரில் இன்றைக்கும் தாய்ச் சபைக்காக ஜெபிக்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தது. சாட்சி சொன்ன அன்று சாயந்திரம், வழக்கம்போல வீட்டு ஜெபத்துக்குப் பாயில் உட்கார்ந்தோம். முடிவு ஜெபம் எப்போதும் என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று ஜெபித்தேன்.

“ஆண்டவரே, தாய்ச் சபைக் கோயிலில் ரிப்பேர் வேலை சீக்கிரம் முடிய வேண்டும். மாமல்லபுரத்துக்கு வந்திருக்கிறவர்கள் எல்லாரும் பத்திரமாக ஊருக்குத் திரும்பி, அந்தக் கோயிலுக்குப் போக வேண்டும்.”

அப்பாவும் அம்மாவும் ‘ஆமென்’ என்றார்கள். சித்தப்பாவின் ஆமென் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார், தோள் மட்டும் அசைந்தது. அப்பா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி அவர் முதுகில் வைத்தார். அப்புறம்தான் மூக்கடைத்த குரலில் ஒரு ஆமென் வந்தது. பனியில் வெறும் சாக்ஸோடு நின்றதில் பிடித்த சளி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஜெபத்தில் அந்தச் சளிக்கும் ஒரு வரி சேர்த்தேன்.