நான் சொல்லிக் கொடுத்த பதில்கள்

என் மனைவியின் தம்பி மினிகாப் என்னும் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு மாரிக்கால மாலை நோர்பரியில், பெரிய வீதியிலிருந்து இடப்பக்கம் ஒரு சின்னத் தெருவுக்குள் திரும்பும்போது, அதைக் கடந்துகொண்டிருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரை அவனுடைய கார் தட்டிவிட்டது. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அம்புலன்ஸ் வரும்வரை அவன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவரைப் போர்த்திவிட்டு, மழைக்குள் அவர் பக்கத்திலேயே முழந்தாளில் இருந்தான். பொலிஸ் வந்து பெயர், விலாசம் எடுத்தார்கள். குடித்திருக்கிறானா என்று ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு கூப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதுவரை நடந்ததில் எனக்குப் பங்கில்லை. இதற்குப் பிறகு நடந்தவற்றில் உண்டு.

சில வாரங்கள் கழித்து அவன் செவன் கிங்ஸிலுள்ள தன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொலைபேசியை என் கையில் திணித்தான்.

“அத்தான், நீங்கள் கதையுங்கோ. எனக்கு நெஞ்சு இடிக்குது.”

பேசியது ஒரு பெண் அதிகாரி. மிகவும் மரியாதையாகப் பேசினார். இது கைது அல்ல, உங்கள் மைத்துனர் தானாக வந்து விசாரணைக்குப் பதில் சொல்லலாம், வேண்டுமானால் இலவசமாக ஒரு வழக்கறிஞர் இருப்பார், மொழிபெயர்ப்பாளரும் ஒழுங்கு செய்யலாம் என்றார். நான் இரண்டும் வேண்டாம் என்றேன். “நிச்சயமாகவா? வழக்கறிஞர் வேண்டாமா?” என்று அவர் திரும்பவும் கேட்டார். அவனிடம் மறைக்க எதுவும் இல்லை என்றேன். என் ஆங்கிலம் எனக்கே பிடித்திருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை ஒளிக்காமல் எழுதவேண்டும். மொழிபெயர்ப்பாளர் என்றால் வரப்போவது எங்கள் ஆட்களில் ஒருவர். பாதிப் பேரை எனக்குத் தெரியும். அவர்கள் வெளியே பேசக்கூடாதென்று விதி இருப்பதும் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமைப் பூசைக்குள் கதை கோயிலுக்கு வந்துவிடும் என்று பயந்தேன். நான் அப்போது கோயில் நிர்வாக சபையில் இருந்தேன். என் மைத்துனன் பொலிஸ் நிலையத்தில் இருந்தான் என்று யாரும் சொல்லக்கூடாது. வழக்கறிஞரோடு போனால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்றும் நினைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அது குரோய்டன். நான் எண்பதுகளில் இங்கே வந்தவன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். எங்கள் ஆட்கள் அகதி விண்ணப்ப நேர்முகத்துக்குக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் போகுமுன் என் வீட்டுக்கு வருவார்கள். சனி, ஞாயிறுகளில் என் முன்னறையில் அவர்களை இருத்தி, அதிகாரி போலக் கேள்வி கேட்டுப் பழக்குவேன். அங்கே ஒரு விதி இருந்தது. நீங்கள் சொல்லாமல் விட்டதை ஆறு மாதம் கழித்துச் சொன்னால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை, இது புதிதாகக் கட்டியது என்று எழுதிவிடுவார்கள். தெரியாது என்றால் நம்பத்தக்கவர் அல்லர் என்று எழுதுவார்கள். ஆகவே எந்தக் கேள்விக்கும் இடைவெளி விடாதே, திகதியோடு சொல், நிறத்தோடு சொல் என்று சொல்லிக் கொடுப்பேன். ஊரிலும் அதுதான் பாடம். இராணுவச் சோதனைச் சாவடியில் வாயைத் திறக்காதவனைத்தான் இறக்கி வைத்துக்கொண்டார்கள். விறுவிறுவென்று பதில் சொன்னவர்கள் பஸ்ஸில் திரும்ப ஏறினோம்.

ஆகவே அதிகாரம் கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்பது எனக்கு யோசித்து எடுத்த முடிவாக இருக்கவில்லை. பேசாமல் இருக்கும் உரிமை இந்த நாட்டில் உண்டு என்பது எனக்குத் தெரியாமலும் இல்லை. அது கள்ளர்களுக்கானது என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே பழக்கத் தொடங்கினேன்.

“எத்தனை மைலில வந்தனி?”

“நான் மீற்றரைப் பாக்கேல்லை அத்தான்.”

“அப்பிடிச் சொல்லாத. பத்து மைல் எண்டு சொல்லு. கண்ணாடி பாத்தனியோ?”

“பாத்திருப்பன்.”

“பாத்திருப்பன் என்ன பாத்திருப்பன்! பாத்தனான் எண்டு சொல்லு. ரெண்டு பக்கமும்.”

மனைவி புட்டுத் தட்டோடு வந்தாள். “என்ன, கோட்டு இஞ்சயே தொடங்கிட்டுதோ? நீதிபதி ஐயா, கறி ஆறுது.”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவள் குசினிக்குள் போனபிறகு, “போன்?” என்று கேட்டேன்.

“போன் ஸ்டாண்டில இருந்தது. ஆப் ஓடிக்கொண்டுதானே இருக்கும் அத்தான், அது இல்லாமல் வேலை வராது.”

“பாத்தனியோ அதை?”

“சத்தியமா எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. சத்தம் மட்டுந்தான் ஞாபகம்.”

“ஞாபகம் இல்லையெண்டால் அவங்கள் தங்கட பாட்டுக்கு எழுதுவாங்கள். போனை ஓஃப் பண்ணி வைச்சிருந்தனான் எண்டு சொல்லு.”

“ஓஃப் பண்ணேல்லையே.”

“யாருக்குத் தெரியும்?”

இந்த ‘யாருக்குத் தெரியும்’ என்பதைச் சொன்னது நான். நல்ல படிப்புப் படித்த நான்.

விசாரணை நாளில் நான் பொலிஸ் நிலையத்துக்கு வெளியே, தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு பஸ் தரிப்பில் காத்திருந்தேன். எங்கள் ஆள் யாராவது கண்டால் பஸ்ஸுக்கு நிற்பதாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னன் அத்தான். ஒண்டும் விடேல்லை.”

“போன்?”

“ஓஃப் எண்டு சொன்னன்.” பிறகு ஏதோ வேடிக்கையை நினைத்தவன் போலச் சொன்னான்: “முதல்ல அந்தப் பொம்பிளைப் பொலிஸ் ஒண்டு வாசிச்சவ. நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை எண்டு. ‘இல்லை மேடம், சொல்லத்தான் வந்தனான்’ எண்டு சொன்னன். அவவும் சிரிச்சவ. லோயர் வேணுமோ எண்டு திரும்பவும் கேட்டவ. எங்கட அத்தான் வேண்டாமெண்டு சொன்னவர் எண்டு…”

“என்ர பேரைச் சொன்னனியோ?”

“இல்லை, இல்லை. வேண்டாமெண்டு மட்டுந்தான் சொன்னன்.”

வழக்கறிஞர் பேச்சு வந்தவுடன் நான் கேட்டது என் பெயரைப் பற்றித்தான் என்பதை அவன் கவனித்தானோ தெரியாது. நான் கவனித்தேன். இருவரும் ஒரு கடையில் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பிரிந்தோம்.

சில மாதங்களில் அவனைத் திரும்பவும் கூப்பிட்டார்கள். தொலைபேசிப் பதிவுகளை எடுத்துப் பார்த்திருந்தார்கள். போன் ஓஃப் ஆக இருக்கவில்லை. விபத்துக்குச் சற்று முன்னர் ஆப் அவனுக்கு ஒரு வேலை அனுப்பியிருக்கிறது, அவன் திரையில் தொட்டு அதை ஏற்றிருக்கிறான்.

இந்த முறை அவனுடைய மூத்த மகள் குறுக்கே வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். வழக்கறிஞரைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“மாமா, சீரியஸ்லி, லோயர் ஃப்ரீ மாமா. ஃப்ரீ! ஏன் வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?”

“உனக்கு விளங்காதம்மா.”

“ஓகே. எக்ஸ்பிளெயின் பண்ணுங்கோ, அப்ப விளங்கும்.”

தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

வழக்கறிஞர் ஒரு இளம் பெண். அவர் சொன்னவற்றை மைத்துனன் எனக்கு அப்படியே சொன்னான். ஞாபகம் இல்லை என்றால் அதுதான் உண்மை, அதைச் சொல்லியிருக்கலாம். அல்லது ஒன்றுமே சொல்லாமல் இருந்திருக்கலாம். ஸ்டாண்டில் இருந்த போனைச் சிவப்பு விளக்கில் நிற்கும்போது தொட்டதாகக்கூட இருக்கலாம், அதற்கு விளக்கம் கொடுக்க முடியும். பொய்க்குத்தான் விளக்கம் கொடுக்க முடியாது.

“யாரும் சொல்லித் தந்ததோ எண்டு கேட்டவ” என்றான்.

“நீ என்ன சொன்னனி?”

“ஒருத்தருமில்லை எண்டு சொன்னன். விடுங்கோ அத்தான்.”

இரண்டாவது விசாரணையில், வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க, அவன் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. போன் ஓஃப் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டபோதும் மௌனம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது நல்லது என்று வழக்கறிஞர் முன்கூட்டியே சொல்லியிருந்தாராம். எதுவும் சொல்லத் தேவையில்லை என்று பொலிஸார் வாசிக்கும் அந்த எச்சரிக்கைக்கு இரண்டாம் பாதி ஒன்று இருக்கிறது. இப்போது சொல்லாததை நாளைக்கு நீதிமன்றத்தில் உன் பக்கமாகச் சொன்னால், அது உனக்குப் பாதகமாகலாம். முதல் தடவை பேசாமல் இருந்திருக்கவேண்டிய இடத்தில் நான் அவனைப் பேச வைத்தேன். இரண்டாம் தடவை பேசவேண்டிய இடத்தில் எனக்காகப் பேசாமல் இருந்தான்.

அந்த வழக்கறிஞர் முட்டாள் அல்லர். எனக்கு நேராகவே தொலைபேசி எடுத்தார். அவன் சொன்ன பொய்யை நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள் என்றால், அதை எழுத்தில் தரச் சம்மதமா, நீதிபதி தண்டனையைத் தீர்மானிக்கும்போது உதவலாம் என்றார். உடனேயே, “நான் அவருடைய வழக்கறிஞர், உங்களுடையவர் அல்ல, நீங்கள் முதலில் வேறொருவரிடம் ஆலோசனை பெறவேண்டும், எனக்குப் பதில் சொல்லக் கட்டாயம் எதுவுமில்லை” என்றும் சொன்னார். என்னையும் எச்சரித்துவிட்டுத்தான் கேட்டார்.

நான் குரோய்டனுக்கு டிராமில் போய், எங்கள் ஆட்கள் யாரும் போகாத ஒரு ஆங்கிலேய வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பொலிஸிடம் பொய் சொல்ல ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பதே குற்றமாகலாம், நீங்களாக முன்வந்து எதையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, யாராவது விசாரித்தாலும் பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்றார். எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாவடியில் பஸ்ஸில் திரும்ப ஏறியதுபோல் இருந்தது. கள்ளர்களுக்கு என்று நான் ஒதுக்கி வைத்திருந்த உரிமை எனக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது! என் மைத்துனனுக்கு வழக்கறிஞர் வேண்டாம் என்று தொலைபேசியில் மறுத்த அதே வாயால், அவனுடைய வழக்கறிஞரை அழைத்து, என்னால் உதவமுடியாது என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மனைவிக்கு இதைச் சொல்லவில்லை. அவள் தன் தம்பிக்காகக் கந்தசஷ்டி விரதம் பிடித்தாள். நான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், கூட்டிக்கொண்டு வந்தேன். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டேன். “ஏன் எடுக்கேல்லை?” என்பாள். “விளம்பரக்காரர்” என்பேன். தம்பிக்கு ஜெயில் கிடைக்குமோ என்று அவள் கேட்கும்போதெல்லாம், கிடையாது என்று உறுதியாகச் சொன்னேன். எனக்கு எதுவும் தெரியாது. அங்கும் நான் இடைவெளி விடவில்லை.

வழக்கில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை நாளில் மனைவியும் நானும் பின்வரிசையில் இருந்தோம். நீதிபதி நிதானமாகத்தான் பேசினார். அந்தப் பெண்மணி இனிமேல் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கமாட்டார் என்றார். அது எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. பிறகு, பொலிஸாரிடம் பொய் சொல்லித் தப்ப முயன்ற ஒருவருடைய வருத்தம் உண்மையானது என்று ஏற்றுக்கொள்வது தமக்குக் கடினமாக இருக்கிறது என்றார். மழைக்குள் முழந்தாளில் இருந்தவனைப் பார்த்து அதைச் சொன்னார். நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் எழுந்து பேச முடியாது என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிறைத்தண்டனை விதித்து அதை ஒத்திவைத்தார்கள்; இன்னொரு குற்றம் செய்தால்தான் உள்ளே போகவேண்டும். காரோட்டத் தடை. மினிகாப் உரிமமும் அதோடு போய்விடும். அந்தக் காரில்தான் அவனுடைய வீடு ஓடியது, இரண்டு பிள்ளைகளின் படிப்பும் ஓடியது.

நீதிமன்றத்திலிருந்து மூவரும் டிராம் தரிப்புக்கு நடந்தோம். மனைவி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“எனக்கு அந்தப் பொய்தான் விளங்கேல்லை” என்றாள். “நீ சின்னனில மாங்காய் களவெடுத்தாலே அம்மாட்டப் போய்ச் சொல்லிப்போட்டு அடி வாங்கிறனி. இதுக்கு மட்டும் ஏன்ரா பொய் சொன்னனி?”

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“தம்பி, நான் சொல்லியிருக்கலாம்” என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

“தெரியும் அத்தான்” என்றான். “லோயர் சொன்னவ, உங்களைக் கேட்டவ எண்டு. நீங்கள் மாட்டன் எண்டதும் சொன்னவ.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் அத்தனை மாதமும் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னோடு இருந்து சாப்பிட்டிருக்கிறான்.

மனைவி அவனுடைய கையை விட்டாள். “என்ன கேட்டது? இஞ்சருங்கோ, லோயர் உங்களை என்ன கேட்டது?”

அவன் என்னைப் பார்த்தான். சொல்லவேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. டிராம் வந்து நின்று கதவு திறந்தது. ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். நான் கறி ஆறிய அந்த நாளிலிருந்து தொடங்கினேன். அந்த டிராமையும் அதற்கு அடுத்ததையும் விட்டுவிட்டோம். நான் சொல்லி முடித்தபோது அவள் தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு, வந்த டிராமில் ஏறினாள்.