வெறும் வயிறு என்றால்

வலது விலாவுக்குக் கீழே வலி வந்துவிட்டால் என்னால் நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. எங்கள் வீட்டுக்காரருக்கோ எல்லாமே வாய்வுதான். பெருங்காய மோரைக் கலக்கிக்கொண்டு வந்து நிற்பார். டாக்டர், "பித்தப்பையில் கல் இருந்தால் ஆபரேஷன்தான், ஸ்கேன் எடுத்து வாருங்கள்" என்றார். கல்லா, வாய்வா என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

எங்கள் ஊர் ராஜபாளையத்தில் எடுத்தால் தெரிந்த முகமெல்லாம் என்ன ஏது என்று கேட்கும். கூச்சப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பேர் எழுதி வைத்தோம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். கிளம்பும்போது இவர் ஒரு டம்ளர் பாலையும் வாழைப்பழத்தையும் நீட்டினார்.

"வேண்டாங்க. வெறும் வயிறுன்னாக."

"ஏட்டி, ஏகாதசி விரதத்துக்கே பாலும் பழமும் ஆகும். ஸ்கேன் என்ன பெருமாளை விடப் பெருசா?"

மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் குடித்துத் தொலைத்தேன்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா என் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினார். நான் வெட்கத்தில் முந்தானையை இழுத்து மூடினேன்.

"மூடாதீங்கம்மா. ஊடே காத்து நுழைஞ்சா ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் பசையே."

கருவியை வைத்து அழுத்திப் பார்த்தவர் முகம் சுளித்தார். "என்ன சாப்பிட்டீங்க?"

பக்கத்தில் நின்ற இவர் முந்திக்கொண்டார். "ஒண்ணுமே சாப்பிடல டாக்டரம்மா. பாலும் வாழைப்பழமும்தான்."

"போச்சு! இதுல போறது காதுக்குக் கேக்காத சத்தம்யா. அது உள்ள மோதித் திரும்பி வாரதைத்தான் படமாப் பாக்கோம். பால் குடிச்சா பித்தப்பை சுருங்கிரும். சுருங்கின பையில கல்லை எங்கிட்டுத் தேட? நாளைக்கு வாங்க."

மறுநாள் வயிறு காயக் காய மறுபடியும் பஸ். எங்கே வலிக்கிறது என்று டாக்டரம்மா கேட்டதும், இவர் தம் சட்டையைத் தூக்கித் தம் விலாவைத் தொட்டுக் காட்டினார்.

"வலி உங்களுக்காய்யா? செத்த நேரம் வெளிய இருங்க."

கதவு சாத்திய பிறகு நானே இடத்தைக் காட்டினேன். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். திரையில் கறுப்பான பைக்குள் வெள்ளையாக ஒன்று உருண்டது. அதற்குக் கீழே கரிய கோடு ஒன்று விழுந்தது.

"கல்லைத் தாண்டி சத்தம் போகாதும்மா. அந்த நிழல் விழுதுல்ல, அதான் அடையாளம்."

ஆபரேஷனை நினைத்துப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் எழுந்தேன்.

வெளியே இவர், "வாய்வுதானேட்டி?" என்றார்.

"கல்லு!" பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "ஆபரேசனுக்கு யாரைப் பாக்கணும்னு கேட்டுட்டேன். அங்கயாவது என்னையப் பேச விடுங்க."