வேலியடிப் புல்லுக்கு ஓர் அரிவாள்

மழையில் நனைந்த முள்கம்பியைப் பிடித்துவிட்டு விரல்களை முகர்ந்து பார்த்தால் துருவும் பச்சைப்புல்லும் கலந்த ஒரு வாசனை வரும். முகர்ந்த மாத்திரத்தில் நாக்கின் அடியில் புளிப்பு ஊறும். புதுச்சேரியில் வளர்ந்தவள் என்றதும் வெளியூர்க்காரர்கள் என்னிடம் கடற்கரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்த ஊரில் கடலைவிட நன்றாகத் தெரிந்தது ஒரு வேலி. எழுபதுகளின் கடைசியில், ஐப்பசி மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில், கோரிமேட்டுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு மேய்ச்சல் நிலத்தின் வேலியோரம் குந்தியிருந்து, அம்மா அறுத்துப் போடும் புல்லைக் கட்டாகச் சேர்ப்பதுதான் என் வேலை.

எங்கள் வீடு நெல்லித்தோப்பில் இருந்தது. அப்பா மில்லில் தறி ஓட்டினார். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுச் சார்ப்பில் செவலை நின்றது; அம்மா தன் தாய்வீட்டிலிருந்து கன்றுக்குட்டியாக ஓட்டிக்கொண்டு வந்த பசு. அந்த மேய்ச்சல் நிலம் ஒரு "சொல்தா"வுக்குச் சொந்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கும் அம்மாவுக்கும் ஓர் ஏற்பாடு: உள்ளே இருக்கும் புல் அவருடைய மாடுகளுக்கு, நான்கு பக்கமும் வேலியடியில் முளைப்பது செவலைக்கு, அதற்குப் பதிலாக வேலியை அம்மா சுத்தமாக வைத்திருக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓட, எட்டடிக்கு ஒரு கருங்கல் கால் நிற்க, அதற்கடியில் புல் கம்பியைப் பின்னிக்கொண்டு வளர்ந்திருப்பதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. புல் மேல்கம்பிவரை ஏறிவிட்டது. சொல்தா ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் குடையை மடக்காமலே நின்று சொன்னார்:

"நொயேலுக்கு எம் பொண்ணு மாப்ளையோட பிரான்ஸ்லேர்ந்து வருது. அதுக்குள்ள வேலி வேலியா தெரியணும் சரோஜா. ஒன்னால முடியலன்னா சொல்லிடு. வெயில் அடிச்சதும் தீ வெச்சுத் தர்றேன்னு ஒருத்தன் நடையா நடக்கறான்."

நொயேல் என்றால் கிறிஸ்துமஸ். தீ வைத்தால் வேலி பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் கோடைவரை அங்கே ஒரு புல் முளைக்காது. செவலை அப்போது சினையாக இருந்தாள். வெறும் வைக்கோலைப் போட்டு அவளைக் காப்பாற்ற முடியாது, விற்க வேண்டியதுதான். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. மாட்டுக் கொட்டகையில்தான் இருந்தாள்.

அம்மாவுக்கு அறுப்பு ஓடாது, அதுதான் சங்கடம். எங்களிடம் இருந்தது ஒரு "கருக்கருவா", அதாவது வாயில் கருக்கு என்னும் பொடிப்பல் வெட்டிய வளைந்த அரிவாள். மற்றப் பெண்கள் அதை வைத்துக்கொண்டு சரக் சரக்கென்று போய்க்கொண்டே இருப்பார்கள். அம்மா ஒரு பிடி அறுப்பதற்குள் அவர்கள் ஒரு கட்டுக் கட்டிவிடுவார்கள். இடது ஆள்காட்டி விரலில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். "சாமர்த்தியம் போதாது" என்பது எங்கள் அத்தையின் தீர்ப்பு. அப்பாவின் அக்கா, அம்மாவுக்கு அண்ணி, இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள், எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

அப்பாவுக்கு ஓர் எண்ணம் இருந்தது: தறி சரியாக இருந்தால் துணி சரியாக வரும், ஆகையால் ஆயுதத்தை மாற்றினால் போதும். முதலில் சொல்தாவிடமே போய், அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய பிரெஞ்சு நாட்டு அரிவாளை வாங்கி வந்தார். ஆள் உயரக் காம்பு, கை நீளத்துக்கு மெல்லிய வளைந்த தகடு. சொல்தா அதை "ஃபோ" என்பார். நின்றுகொண்டே வீச வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ராஜாவைப் போல வீசினார். திறந்த வெளியில் புல் பாயாகப் படுத்தது. வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டாவது வீச்சிலேயே கல்லுக்காலில் "டணார்" என்று மோதி முனை ஒடிந்தது. சொல்தா அதைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

அடுத்த ஞாயிறு, பூங்காவில் தோட்ட வேலை பார்த்த சிநேகிதரிடமிருந்து குரோட்டன்ஸ் வெட்டும் பெரிய கத்தரிக்கோலை இரவல் வாங்கி வந்தார். அது கம்பிக்கடியில் அழகாக நுழைந்தது. ஆனால் புல்லைக் கையால் பிடித்து அறுத்தால்தான் பிடியாக நிற்கும், கட்டாகக் கட்டலாம். கத்தரி வெட்டியது மயிர் வெட்டியதுபோலச் சேற்றில் சிதறிக் கிடந்தது, செவலை அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மம்புட்டியால செதுக்கிப் போடுங்களேன்" என்றாள் அத்தை. வேரோடு செதுக்கினால் அதற்குத் தீயே வைத்துவிடலாம். நொயேலோ நெருங்கிக்கொண்டிருந்தது. வேலியில் ஒரு பக்கம்கூட முடியவில்லை.

அப்பா அப்புறம் ஆயுதம் தேடுவதை விட்டுவிட்டு அம்மா அறுப்பதைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு ஞாயிறு, கல்லுக்கால் ஒன்றின் மறைவில் அம்மா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அரிவாளை இடது கைக்கு மாற்றினாள். நானும் பார்த்தேன். கை என்னவோ சட்டென்று வளைந்து கம்பிக்கடியில் போனது, ஆனால் பல் எல்லாம் வலக்கைக்கு வெட்டிய பக்கத்தில் இருந்ததால் புல் அறுபடாமல் வழுக்கியது. உடனே மறுபடி வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஏனென்றால் நான் இடக்கைக்காரி. சிலேட்டில் இடது கையால் எழுதினால் முட்டியில் கரண்டிக் காம்பால் தட்டுபவள் இந்த அம்மாதான். "பீச்சாங்கைக்காரிய எவன் கட்டுவான்?" என்பாள். "பீச்சாங்கை பட்ட பால் திரிஞ்சுடும்" என்று அத்தை வேறு நாளைக்கு ஒருமுறை சொல்வாள், பொதுவாகத்தான், யாரையும் பார்த்து அல்ல. தன் இடக்கையைப் பிறந்த வீட்டிலேயே புதைத்துவிட்டு வந்தவள் அம்மா என்பதும், என்னைத் தட்டும்போதெல்லாம் அவளுக்கு இருந்தது கோபமில்லை, பயம் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு கொல்லுப்பட்டறைக்குப் போனார். "ஒரு கருக்கருவா வேணும். கருக்க அந்தப் பக்கம் வெட்டணும்" என்றார்.

பட்டறைக்காரர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். "பீச்சாங்கைக்கா? யாருக்குங்க, வூட்லயா?"

"எனக்குதான்" என்றார் அப்பா.

அம்மாவிடம் அதைக் கொடுத்தபோது அவள் முகம் வெளுத்தது. "இன்னாங்க இது? அண்ணிக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

"எனக்குன்னு சொல்லித்தான் அடிச்சிட்டு வந்தேன். கேட்டா என்னுதுன்னு சொல்லு. வேலிக்குள்ள நீ எந்தக் கையால அறுத்தா யாரு பாக்கறா?"

இரண்டு நாள் அம்மா அதைத் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை புல்கட்டும் கயிறோடு அதுவும் சாக்கில் இருந்தது. அப்பா வேலிக்கு வெளியே பழைய அரிவாளோடு குந்தினார், அம்மா உள்ளே புதியதோடு. எதிரெதிரே உட்கார்ந்தபோது அப்பாவின் வலக்கையும் அம்மாவின் இடக்கையும் ஒரே பக்கம் வந்தன, கண்ணாடி பார்த்துக்கொள்வதுபோல. இருவருமே வலக்கைக்காரர்களாக இருந்தால் அரிவாளோடு அரிவாள் இடித்துக்கொண்டிருக்கும். இவர்கள் ஒரே திசையில், கம்பிக்கு இந்தப் பாதியும் அந்தப் பாதியுமாக நகர்ந்துகொண்டே போனார்கள். அம்மாவின் கை போன வேகத்துக்கு என்னால் கட்ட முடியவில்லை. அப்பாவாலும் ஈடுகொடுக்க முடியவில்லை. "மெதுவாம்மே, நான் மனுசன்" என்றார். அம்மா சிரித்தாள். வேலை செய்யும்போது அவள் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மதியம் தாண்டியிருக்கும். கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்த சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு, வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அத்தை எங்களைத் தேடிக்கொண்டு வரப்பில் வந்துவிட்டாள். அம்மா அரிவாளைக் கீழே போட்டாள். அப்பா சட்டென்று கம்பிக்கடியில் கையை விட்டு அதை எடுத்துத் தன் இடக்கையில் பிடித்துக்கொண்டு அறுக்கத் தொடங்கினார். புல் அறுபடவில்லை, வேரோடு வந்தது. அத்தை பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாடா பண்ற?"

"புல்லு அறுக்கறேன்க்கா. இப்பல்லாம் எனக்கு இந்தக் கைதான் வாட்டமா இருக்குது."

"ஒன்ன இடுப்புல தூக்கி வளத்தவ நானு. எங்கிட்டயே கதை உடறியா?" அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா சரோஜா, அத வாங்கி நீயே அறு. இவன் அறுத்தா நொயேல் போயி பொங்கல் வந்துடும்."

அம்மா இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே பாத்துட்டேன். காப்பிய வலது கையால குடுத்த. உள்ள போயி தாழ்ப்பாள் போட்டது எந்தக் கை? பாத்துட்டுதான் தாம்பூலம் மாத்தச் சொன்னேன்."

"அப்பறம் ஏன் அண்ணி, பால் திரியும் அது இதுன்னு இத்தினி வருசமா..." என்றாள் அம்மா.

"அது என் வாயி. வாயப் பாத்துப் பயந்தா குடும்பம் நடத்த முடியுமா? நீ கறக்கற பாலத்தான் நானும் குடிக்கிறேன், திரிஞ்சா போச்சு? அறு, அறு, பொழுது போவுது."

அம்மா அழுதுகொண்டே அறுத்தாள். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக் கட்டினாள், என் கட்டு தளர்த்தி என்று தீர்ப்பும் சொன்னாள். நொயேலுக்கு முன்பே வேலி முடிந்தது. சொல்தா தொப்பியோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்து "த்ரே பியேன், த்ரே பியேன்" என்று பிரெஞ்சில் மெச்சினார். செவலை தை மாதம் ஒரு கிடேரிக் கன்று போட்டாள். கரண்டிக் காம்பு அடுக்களையோடு நின்றது. "சோத்துக்கு வலது. எழுத்துக்கு ஒன் இஷ்டம்" என்று அம்மா எனக்கு விலக்கு அளித்தாள். முழு விடுதலை கிடையாது. அவளும் தனக்கு வேலியடியில் மட்டும்தான் விலக்கு வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் கடைசிவரை வலக்கைதான்.

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு, அதே பெரியாஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். அடுக்குமாடி வீடுகள், ஆளுயர மதில்கள். மதிலடியில் சிமெண்டு போட்டிருக்கிறார்கள். புல் முளைக்க இடமில்லை. நெல்லித்தோப்பில் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் மாடி வீட்டுக்காரரின் வண்டிகள் நிற்கின்றன.

சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனேன். "நான் இன்னா கொழந்தையா?" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கியவள் சாப்பிடாமல் வாசலைப் பார்த்தாள்.

"கதவ சாத்துடி."

"ஏம்மா?"

"யாராச்சும் பாத்தா?"

யார் பார்ப்பார்கள்? அத்தை போய் வெகுகாலம் ஆகிறது, சொல்தாவும் போய்விட்டார், அப்பா போன வருஷம் போனார். தெருவில் இப்போது இருப்பவர்களுக்கு அம்மாவின் பெயர்கூடத் தெரியாது. அம்மாவும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடது கையைத் தட்டில் வைத்தாள்.

ஒரு பருக்கை சிந்தவில்லை. வலது கையால் அவள் அத்தனை லாவகமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ரசம் ஊற்றி முடித்து, தட்டை வழித்துவிட்டு, அம்மா சொன்னாள்:

"ஒங்கப்பா இருந்திருந்தா எதிர்ல ஒக்காந்து அவரும் பீச்சாங்கையாலதான் தின்னுருப்பாரு. சட்டையெல்லாம் சோறா கொட்டிக்கிட்டு."