சூடத்தட்டும் பெட்ரோல் கிண்ணமும்

எங்கள் ஊர் திருச்செங்கோடு பக்கம். போன ஆண்டு ஆயுத பூசையன்று காரின் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றிச் சிவப்புப் பெயின்ட் அடிக்க ஆசைப்பட்டேன். எண்ணெய்ப் பிசுக்குப் போக அதைப் பெட்ரோலில் கழுவி, கிண்ணத்தைக் கார் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

"ஏனுங்க, நல்ல நேரம் போகுது. சூடம் பத்த வெச்சுட்டேன்" என்றபடி என் மனைவி தட்டோடு வந்தாள். நான் கத்துவதற்குள் பெட்ரோல் சிந்தியிருந்த தரை குப்பென்று பற்றியது. அவள் புடவையிலும் தீ. கார் துடைத்த ஈரச் சாக்கைச் சுற்றி அணைத்தேன். காலெல்லாம் கொப்புளம்; ஒரு மாதம் அவளால் நடக்க முடியவில்லை.

அந்த மூடியைப் பெயின்ட் அடிக்காமலே மாட்டிவிட்டேன். இப்போது எதையும் சோப்புத் தண்ணீரில்தான் கழுவுகிறேன்.

இந்த ஆண்டு பூசையில் அவள் வாசற்படியிலேயே நின்று, "பத்த வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள். காரைச் சுற்றிலும் குனிந்து முகர்ந்து பார்த்த பிறகே தலையாட்டினேன்.