மஞ்சள் விளக்கு வண்டி

வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போன முதல் நாளே இருசப்பனோடு சண்டை போட்டேன். ஐந்து பேர் போகிற அம்பாசிடரில் ஒன்பதாவது ஆளாக என்னை ஏற்றிவிட்டு, "கொஞ்சம் ஒண்டிக்குங்க டீச்சர், மலை ஏறினா எல்லாம் தானா சரியாயிடும்" என்றார். ஒன்றும் சரியாகவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி முதல் வளைவிலேயே யாருடைய கோழிக்கூடையோ என் மடிக்கு வந்துவிட்டது. இனி இந்த வண்டியில் ஏறினால் என் பேர் கோகிலவாணி இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அதற்கப்புறம் வருஷக்கணக்காக, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அதே வண்டியில்தான் போகிறேன். பேரையும் மாற்றிக்கொள்ளவில்லை.

இருசப்பன் மலைக்காரர். ஆலம்பாறையில், சாமையும் தினையும் விளைகிற சரிவு நிலத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, அண்ணன் சடையன்தான் வளர்த்தார். கரும்பு லாரியில் கிளீனராகச் சேர்ந்து, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போய்வந்தபடியே வண்டி ஓட்டப் பழகினார். திருக்கோவிலூரில் ஓர் அரிசி மில்காரர் வீட்டில் ஓடாமல் நின்றுகொண்டிருந்த இந்த அம்பாசிடர் விலைக்கு வந்தபோது, சடையன் தன் உழவு மாட்டு ஜோடியை விற்றுத் தம்பி கையில் கொடுத்தார். அதற்கப்புறம் சடையன் கடைசிவரை மாடு வாங்கவே இல்லை. இருசப்பன் இதை ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "இது என் காரு இல்லீங்க. எங்க அண்ணன் மாடு."

அந்த மாட்டுக்கு இரண்டு மஞ்சள் கண். பழைய பல்பு, மங்கலான வெளிச்சம். ஆனால் மலையில் அதுதான் அடையாளம். ஆலம்பாறையில் செல்போனுக்கு டவர் கிடையாது. ஊர் மேலே, தார் ரோடு கீழே. ரோட்டுக்கு வர வேண்டியவர்கள் வீட்டு வாசலில் இருந்தபடியே பார்ப்பார்கள். எதிர்ச்சரிவின் வளைவில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தால் டார்ச் அடிப்பார்கள். இருசப்பன் விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போடுவார். பார்த்துவிட்டேன், இறங்கி வாங்க என்று அதற்கு அர்த்தம். மேலே டார்ச் தெரியவில்லையென்றால் ஏற ஆள் இல்லை, வண்டி நிற்காமல் போய்விடும். பிரசவத்துக்குப் போனவர்கள், காய்ச்சல் கண்ட பிள்ளைகள், சந்தைக்குப் போகும் கடுக்காய் மூட்டைகள் எல்லாம் இந்த ஏற்பாட்டில்தான் கீழே வந்தன. ராத்திரியானாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். உள்ளே இருக்கிற நாங்கள் யாரும் முணுமுணுக்க மாட்டோம். முணுமுணுத்தால் இறக்கிவிட்டுவிடுவார், அது வேறு விஷயம்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு வளைவில் சரிந்து கிடந்த மண் அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியவில்லை. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. நான் முன்சீட்டில் இருந்தேன். கீழே பார்த்தேன், அப்புறம் வீடு போய்ச் சேரும்வரை எதையும் பார்க்கவில்லை. இந்தச் சேதி இருசப்பனின் மகள் வளர்மதிக்குப் போயிற்று. கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிற பெண். அம்மா இல்லாத வீட்டில் அப்பாவை அதட்டி வேலை வாங்குகிறவள் அவள்தான். அந்தத் தீபாவளிக்குக் கடையில் கொடுத்த போனஸில் தனக்கு ஒரு புடவைகூட எடுக்காமல், அப்பா வண்டிக்கு முன்னும் பின்னும் எல்.இ.டி. பல்பு வாங்கி வந்துவிட்டாள்.

"எனக்கு நீ இருக்கணும்ப்பா. மாட்டிட்டுத்தான் மலை ஏறணும்" என்றாளாம்.

ராஜேஷ் என்கிற எலக்ட்ரீஷியன் பட்டறையில் மாட்டினார்கள். ஹெட்லைட், பார்க் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் புதுசு. புது பல்பு கரண்ட்டைக் கம்மியாக இழுப்பதால் இண்டிகேட்டர் கண்டபடி படபடவென்று அடித்தது. "இன்னா ராஜேசு, வண்டிக்கு ஜன்னி வந்துடுச்சா?" என்று இருசப்பன் கேட்டார். அதற்காக இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கிற பிளாஷரையும் ராஜேஷ் மாற்றினான். கழற்றிய பழைய பல்புகளை ஒரு துணியில் முடிந்து டேஷ்போர்டில் போட்டுக்கொண்டார். எதையும் தூக்கிப்போடத் தெரியாத ஆள்.

பல்பு மாட்டின அன்று ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது, ஆனால் மேகம் மூடி ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டதும் ரோடு பால் ஊற்றினதுபோல் வெளுத்தது. வண்டியில் எல்லோரும் ஆகா என்றோம், நானும்தான். இருசப்பனுக்கு வாயெல்லாம் பல். "எங்க அண்ணனுக்குக் காட்டணும் டீச்சர். மாடு வெள்ளக் கண்ணு வச்சிக்கினு வருதுன்னு பயந்துடப் போறாரு."

ஆலம்பாறை வளைவில் வேகத்தைக் குறைத்தார். மேலே பார்த்தார். டார்ச் இல்லை. இரண்டு தரம் அணைத்துப் போட்டார். மனசு கேட்காமல் மூன்றாவது தரமும் போட்டார்.

"இன்னிக்கி யாருமே வெளிய காணோமே. மழையில சீக்கிரமே படுத்துட்டாங்க போல" என்றார். வண்டி போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் சேதி வந்தது. சடையனை விரியன் கடித்துவிட்டது. ராத்திரி இருட்டில் ஈரப் பாதையில் இறங்க முடியாமல், விடிகிற நேரத்தில் போர்வையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுத் துக்கத்துக்குப் போனேன். சடையனின் மனைவி பெரியம்மாள் அழுது ஓய்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் விறகு எடுக்கப் போன இடத்தில் கடித்தது. டார்ச்சோடு வாசலில் நின்றார்கள். வளைவில் வெளிச்சம் தெரிந்தது, ஆனால் அது வெள்ளையாக இருந்தது. மலையில் வெள்ளை வெளிச்சம் என்றால் வனத்துறைக்காரர்களின் சோதனை ஜீப். வீட்டோரம் கூரை மாற்ற வெட்டின மூங்கில் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரை இதே மூங்கிலுக்காகத்தான் அதற்கு முந்தின வருஷம் பிடித்துப் போனார்கள். சடையனே, கடித்த காலைப் பிடித்துக்கொண்டு, "டார்ச்ச அணை, கதவ சாத்து. அது போவட்டும், பின்னாலயே தம்பி வந்துடுவான்" என்றிருக்கிறார். கதவு சாத்தியிருந்ததால்தான் கீழே இருசப்பன் அணைத்துப் போட்ட விளக்கை யாரும் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜீப்பென்றே இருக்கட்டும், அதையே நிறுத்தி ஏற்றிவிடச் சொல்லக் கூடாதா என்று அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜீப்பைப் பார்த்தால் ஒளிய வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பழகியவர்களிடம் போய்க் கேளுங்கள் என்றேன். அதுவுமில்லாமல், தம்பி வருவான் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஜீப் எதற்கு?

"அன்னிக்கின்னு பாத்து தம்பி வண்டி வரல. அது பாவம் இன்னா பண்ணும்" என்றுதான் துக்க வீட்டில் பெரியம்மாள் ஒவ்வொரு முறையும் முடித்தார். இருசப்பன் ஒரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வளர்மதி அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வண்டியில் இருந்த எனக்கும் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்தது ரொம்பக் கம்மி.

காரியம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலம்பாறைக்குக் கீழே வண்டியை நிறுத்தினார் இருசப்பன். மற்றவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, "டீச்சர், நீங்க கூட வாங்க. நீங்க இருந்தாத்தான் சொல்லுவேன், இல்லன்னா திரும்பி வந்துடுவேன்" என்றார். இருவரும் ஏறினோம். பெரியம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். இருசப்பன் உட்காரவில்லை.

"அண்ணி, அன்னிக்கி போனது ஜீப்பு இல்ல. நான்தான்."

முறம் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அதிர்ச்சியே இல்லை அந்த முகத்தில்.

"தெரியும் தம்பி."

இருசப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளிச்சந்தான் மாறிப்போச்சி. சத்தம் எங்க போவும்? நீ வளைவத் தாண்டி மேல ஏறும்போது கேட்டுடுச்சி. ஐயோ நம்ம வண்டியாச்சேன்னு கதவத் தொறந்துக்கினு ஓடியாந்தேன். நான் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள நீ போயிட்ட. ரோட்டுலயே நின்னு கத்தினேன்."

"அப்புறம் ஏன் அண்ணி வண்டியே வரலன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? அந்தப் பொண்ணு உன் பக்கத்துல உக்காந்துகினு இருந்திச்சே. தனக்கு ஒரு துணி எடுக்காம உனக்கு வெளக்கு வாங்கியாந்திச்சாமே. அதும் கையால பெரியப்பன் செத்தான்னு ஊரு பேசணுமா? வெளக்க மாத்தினது நீ. கதவ சாத்தினது நானு. நம்ம ரெண்டு பேரோட இது போவட்டும்."

இருசப்பன் வாய்விட்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். பெரியம்மாள் மட்டும் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முன்னாடி வெளக்க மட்டுமாவது பழையத மாட்டிடு. மேல இன்னும் சனம் இருக்குது" என்றார். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே ஹெட்லைட்டில் பழைய பல்பு ஏறிவிட்டது. பின்னால் சிவப்பு விளக்கும் இண்டிகேட்டரும் புதுசாகவே இருக்கின்றன. பனியில் வெள்ளை வெளிச்சம் கண்ணிலேயே திருப்பி அடிக்கிறது, மஞ்சள்தான் மலைக்குச் சரி என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை. மண்சரிவுக்குப் பயந்து இப்போது ரொம்ப மெதுவாக ஓட்டுகிறார். அன்று வண்டியில் இருந்தவர்கள் யாரும் இதை வெளியே சொல்லவில்லை. அந்த வளைவில் அவர் விளக்கை அணைத்துப் போடும்போது எல்லோரும் மேலே டார்ச்சைத் தேடுகிறோம்.

போன வாரம் அந்தத் துணிக்கடைக்குப் போயிருந்தேன். வளர்மதி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மடித்த புடவைகளை எடுத்துப் போட்டபடியே குறை சொன்னாள்.

"ஆசையா வாங்கித் தந்தேன் டீச்சர். ஒரு மாசம்கூட வச்சிக்கல, கழட்டிட்டாரு. எங்கப்பாவுக்கு என்னிக்கும் புதுசுன்னாலே ஆவாது. நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

நான் ஒரு புடவையைப் பிரித்துக் கரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா, அவருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்றேன்.