முதல் வேண்டாம்

கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்வதே பாவம். அதிலும் ஜெர்மன் படிக்க வரச்சொல்வது பெரும்பாவம் என்றாள் என் அக்கா. அவள் சொன்னதில் தப்பில்லை. ஆலங்குடியில் மே மாத வெயில் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஓர் அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு விடுமுறையில் வெளிநாட்டு மொழி சொல்லித்தரும் திட்டம். பக்கத்து அறையில் ஜப்பானிய மொழி. அதற்குத் திருச்சியிலிருந்து ஒரு சார் வருவார். அவருடைய பிள்ளைகள் இரண்டாம் நாளிலிருந்தே வராந்தாவில் என்னைக் கண்டால் குனிந்து வணக்கம் வைத்தார்கள். என்னுடைய பிள்ளைகள் ஃபேனுக்கு நேர்கீழே உள்ள பெஞ்சுக்காகச் சண்டை போட்டார்கள்.

எனக்குப் பொறுமை கிடையாது. சென்னையில் கம்பெனி கம்பெனியாக மொழிபெயர்ப்பு வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் ஆகி, புதுக்கோட்டைக்கு வந்து, வீட்டில் உட்கார்ந்தே அதே வேலையைச் செய்கிறவள் நான். கம்ப்யூட்டர் எதிர்த்துப் பேசாது, சிரிக்காது, தண்ணி குடிக்கப் போகணும் என்று கேட்காது. பிள்ளைகள் மூன்றும் செய்யும். முதல் வாரம் முழுக்கக் கத்தினேன். அதற்கப்புறம் தொண்டை கட்டிக்கொண்டதால் கத்துவது குறைந்தது. பிள்ளைகளும் அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் ஓட்டல் பாடம் நடத்தினேன். ஒருவர் பரிமாறுபவர், ஒருவர் வந்தவர். காப்பி வேண்டுமா என்று ஜெர்மனில் கேட்க வேண்டும், யா, அதாவது ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஆனால் எழுந்து வந்த பிள்ளைகள் ஒருவர் விடாமல் "நைன், டாங்க" என்றார்கள். வேண்டாம், நன்றி. சொல்லிவிட்டு, பரிமாறுகிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காசு கொடுத்துக் காப்பி குடிக்க வந்த இடத்தில் உங்களுக்கு எதற்கடா இந்தக் கூச்சம் என்று திட்டினேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண். ஊருக்குக் கிழக்கே முந்திரிக் காடுகள் இருக்கும் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வருவாள். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். அப்பா வளைகுடாவில் டிரைவர். இவள் நடை பழகும் முன்பே போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, பெட்டியைப் பிரித்து, பெட்டியைக் கட்டிப் போய்விடுவார். இந்தப் பெண் பாடத்தைக் காதால் படிப்பாள். ஒருமுறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். எனக்கே சில சமயம் பொறாமையாக இருந்தது. சென்னையில் நான் மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதை இவள் வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டே கற்றுக்கொண்டாள்.

அந்தத் திட்டத்தில் ஒரு வாய்ப்பு இருந்தது. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு வீடியோவில் பேசிப் பார்ப்பார். ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அந்தப் பிள்ளை அடுத்த வருஷக் கோடையில் அங்கே போய், ஒரு குடும்பத்தோடு தங்கி, ஒரு மாதம் அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். வகுப்புக்கு ஒரே ஓர் இடம். இந்தப் பெண்ணுக்கு அது வேண்டும். வாய்விட்டு எங்கேயும் சொல்லவில்லை, ஆனால் அந்த அம்மாள் என்றைக்குப் பேசுவார் என்று தினமும் ஏதாவது சாக்கில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். ஒருநாள் மட்டும் என்னிடம், அப்பா போன மாதிரி ஒரு நாட்டுக்குப் போய், அங்கே என்னதான் இருக்கிறது என்று ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றாள். நான் பேச்சை மாற்றினேன். வீட்டுப்பாடம் கேட்டேன்.

பேசும் நாள் வந்தது. தலைமையாசிரியர் அறையில் லேப்டாப். நான் கேமராவுக்கு வெளியே உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் விதி. இந்தப் பெண் பிரமாதமாகப் பேசினாள். முந்திரிப் பழத்தைக் கடித்தால் தொண்டை எப்படிக் கரகரக்கும் என்று தனக்குத் தெரிந்த கொஞ்சம் வார்த்தைகளை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக் காட்டினாள். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில், நிறுத்தி நிதானமாக, நீ ரொம்ப நன்றாகப் பேசுகிறாய், அடுத்த கோடையில் எங்கள் ஊருக்கு வருகிறாயா என்று கேட்டார்.

இவள் தலையைக் குனிந்துகொண்டு, லேசாகச் சிரித்து, "நைன், டாங்க" என்றாள்.

அந்த அம்மாளின் முகம் ஒரு நொடி வாடிப்போனது. பிறகு, புரிகிறது, பரவாயில்லை, உன்னிடம் பேசியது சந்தோஷம் என்று சொல்லிக் கையசைத்தார். திரை இருண்டது. இவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை. நெட்வொர்க் போய்விட்டது, திரும்ப வருவார் என்று நினைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், உனக்குப் பைத்தியமா, ஏன் வேண்டாம் என்று சொன்னாய் என்று கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்ட ஒடனே சரின்னு எப்புடி மிஸ் சொல்றது? அலையிற மாதிரி இருக்காதா? மறுபடியும் கேப்பாங்கன்னு பாத்தேன். அதுக்குள்ள போயிட்டாங்க."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படித்தானே? யார் வீட்டுக்குப் போனாலும் முதல் காப்பியை வேண்டாம் என்பேன். இப்பத்தான் குடித்துவிட்டு வந்தேன் என்பேன், குடித்திருக்க மாட்டேன். அட சும்மா குடிங்க என்று இரண்டாம் தடவை கேட்பார்கள். சரி, கொஞ்சமா என்பேன். டம்ளர் நிறைய வரும். கல்யாணப் பந்தியில் இலையின் குறுக்கே கையை நீட்டி மறிப்போம், பாயசம் ஊற்றுகிறவர் கையை ஒதுக்கிவிட்டு ஊற்றிவிட்டுப் போவார். அவர் நிஜமாகவே ஊற்றாமல் போய்விட்டால் வருஷக்கணக்கில் அதைச் சொல்லிக் காட்டுவோம். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு, இரண்டாம் தடவை கேட்பதுதான் மனசைக் கேட்பது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த அம்மாளுக்கு மட்டும் யார் சொல்லியிருப்பார்கள்?

அன்றைக்கே அவரைப் போனில் பிடித்தேன். அந்தப் பெண்ணுக்கு வர ஆசை, இன்னொரு தடவை கேளுங்கள் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பெண்பிள்ளை வேண்டாம் என்கிறாள், அதை நான் காதில் வாங்காமல் திரும்பத் திரும்பக் கேட்டால் அவளுக்கு நான் எதைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பெண் வேண்டாம் என்று சொன்னால் அது வேண்டாம்தான் என்று ஊர்முழுக்கச் சண்டை போடுகிறவள் நான். அந்த நியாயத்தை என்னிடமே திருப்பிச் சொல்கிறார். ஆனாலும், எங்கள் பக்கம் முதல் வேண்டாம் என்பது பதிலே இல்லை, வாசலில் கொஞ்சம் தயங்கி நிற்பது, அவ்வளவுதான் என்றேன். அவர் யோசித்தார். சரி, இன்னொரு தடவை கேட்கிறேன், ஆனால் அவளுடைய அம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும், அவருடைய சம்மதமும் வேண்டும் என்றார். அம்மா சொல்வதை நீங்கள் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

மறுபடி பேசும் நாளில் அவளுடைய அம்மா வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் முதலில் மகளைக் கேட்டார். கேள்வி முடிவதற்குள் இவள் "யா" என்று சொல்லிவிட்டாள். அறை முழுக்கக் கேட்டது. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது.

அடுத்து அம்மாவைக் கேட்கச் சொன்னார். உங்கள் மகளை ஒரு மாதம் எங்களிடம் அனுப்பச் சம்மதமா? நான் தமிழில் கேட்டேன்.

"வேணாங்க டீச்சர்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதற்குத்தானே இத்தனை பாடு பட்டோம் என்று நினைத்துக்கொண்டு, மொழிபெயர்க்காமல், சும்மா சொல்லுங்கம்மா, நல்ல மனுஷங்க, பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று இரண்டாம் தடவை கேட்டேன். வேணாங்க என்றார். மூன்றாம் தடவை கேட்டேன். அதே பதில். அவர் கூச்சப்படவும் இல்லை, தலைகுனியவும் இல்லை. என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். அது எங்கள் ஊர் வேண்டாம் இல்லை, நிஜமான வேண்டாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என்ன சொல்கிறார் என்று திரையிலிருந்து அந்த அம்மாள் கேட்டார். நான் சொல்வதற்குள் இந்தப் பெண் அம்மா பக்கம் திரும்பி, ஏம்மா என்று மட்டும் கேட்டாள்.

"ஒங்கப்பா ஏற்கனவே போனுக்குள்ளதான் இருக்காரு. நீயும் அதுக்குள்ள போயிட்டா நான் யாருகூட ஒக்காந்து சோறு திங்கிறது?"

"ஒரு மாசந்தானம்மா."

"அவரும் ரெண்டு வருசந்தான்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

இவள் கெஞ்சவில்லை. அம்மாவின் கையை முந்தானையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்குச் சொல்கிறாரா மகளுக்குச் சொல்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்.

"எனக்கு மனசு இல்லத்தா. ஆனா, போயிட்டு வா."

நான் "யா" என்று சொல்ல வாயெடுத்தேன். அது போதும் என்று நினைத்தேன். அதைச் சொன்னால் இடம் கிடைத்துவிடும், எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் இவள் திரையைப் பார்த்துத் தானே பேச ஆரம்பித்துவிட்டாள். சின்னச் சின்ன வாக்கியங்கள், நான் சொல்லிக்கொடுத்த அளவுக்கு மட்டும். என் அம்மாவுக்கு விருப்பம் இல்லை. அப்பா தூரத்தில் இருக்கிறார். நானும் போனால் அம்மா தனியாகச் சாப்பிட வேண்டும். ஆனாலும் அம்மா போ என்கிறார். எனக்கு வர ஆசை. எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் விடவில்லை.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் சொன்னது சரியா என்று என்னைக் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் சரி என்றேன். அப்படியானால் இடம் அவளுக்குத்தான் என்றார்.

மகள் என்ன சொன்னாள் என்று அம்மா என்னைக் கேட்டார். நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டாள் என்றேன். மனசு இல்லை என்று சொன்னதையுமா என்றார். அதையும்தான் என்றேன். அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் முதல் தடவையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்தம்மாகிட்ட சொல்லுங்க டீச்சர். ஒரு மாசம்னா ஒரு மாசந்தான்."

நான் சொன்னேன். குரல் உடைந்துபோய், திரும்பவும் ஒருதரம் சொல்ல வேண்டியிருந்தது.