முப்பத்தோராம் கவர்

மனநலப் பிரிவின் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை. அங்கே பதினெட்டு வருடம் எழுத்தராக இருந்தவருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் கவர்க்காரம்மா. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் அந்த அறையை நினைத்தால் அவருக்கு மனசு இளகிவிடும். மேஜைக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்துச் செருகி நிறுத்தியிருந்தார்கள். ஜன்னலுக்குத் திரை கிடையாது. காலை வெயில் நேராக மேஜைமேல் விழும். பிற்பாடு வந்த வினைக்கெல்லாம் அந்த வெயில்தான் காரணம்.

அப்போது எண்ணச் சுழற்சி நோய்க்கு ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து ஆளைப் படுத்தி எடுக்கும் நோய் அது. வந்தவர்களில் பலருக்கு மனச்சோர்வும் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்கு மாத்திரையோடு பயிற்சியும் உடனே தொடங்கும். மீதிப் பேருக்கு மூன்று மாதம் மாத்திரை மட்டும், பயிற்சி அப்புறம்தான். யாருக்கு எது என்பது எண் போட்டு ஒட்டிய கவருக்குள் இருக்கும். கவரை வரிசை மாறாமல் பிரிப்பதும், வாராவாரம் கேள்வித்தாளை வாசித்து நோயின் அளவைக் குறிப்பதும் இவர் வேலை.

பயிற்சி என்றால், எதற்குப் பயமோ அதையே தொட்டுவிட்டு, கழுவாமல் சும்மா உட்கார்ந்திருப்பது. ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா வெறும் வாயால் சொல்கிறவர் இல்லை. குப்பைத்தொட்டியைத் தானே முதலில் தடவி, அதே கையால் பிஸ்கட்டை எடுத்துத் தின்பார். "வர்றது ரெண்டு பேருக்கும் சேர்ந்தே வரட்டும், தொடுங்க" என்பார். நோயாளிகள் சிரிப்பார்கள், பார்த்துக்கொண்டிருக்கும் கவர்க்காரம்மாவுக்குத்தான் குமட்டும். எத்தனை நல்ல நாட்கள் அவை!

ஒருநாள் ஒரு டீச்சர் வந்தாள். கைக்குழந்தைக்காரி, ஆனால் கையில் குழந்தை இல்லை.

"பிள்ளைய நானே கீழ போட்டுருவேனோன்னு தோணிக்கிட்டே இருக்கு. அதான் தூக்குறதே இல்ல. மாமியார்தான் பாத்துக்கறாங்க" என்றாள்.

அவளுக்கு உரியது முப்பத்தோராம் கவர். அதை எடுத்தபோது வெயிலில் உள்ளெழுத்து மங்கலாகத் தெரிந்தது: மாத்திரை மட்டும். கவர்க்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. முப்பத்திரண்டைத் தூக்கிப் பார்த்தார். பயிற்சி. அதைப் பிரித்து டீச்சரிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, பெரிய காரியம் சாதித்துவிட்ட நினைப்பு வேறு.

மறுநாள் வந்த தபால்காரருக்கு முப்பத்தொன்று போயிற்று. கடிதம் தொட்ட கையில் ஊர் நோயெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று மணிக்கணக்கில் கை கழுவுகிற, கழுவியும் நம்பாமல் வீட்டில் யாரையும் தொடாத மனிதர். வாராவாரம் நேரம் தவறாமல் வந்து உட்காருவார். வாராவாரம் நோயின் அளவு ஏறிக்கொண்டே போயிற்று.

"இந்த வாரம் எதுலயாவது மனசு போச்சா?" இது மனச்சோர்வுத் தாளில் முதல் கேள்வி.

"இல்லம்மா. காலையில எதுக்கு எழுந்திருக்கோம்னே தெரியல."

அது ஆறாவது வாரம். கவர்க்காரம்மா நேரே டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"யாருக்கு முதல்லன்னு நீங்களோ நானோ தேர்ந்தெடுத்தா, கடைசியில வர்ற முடிவ யாரு நம்புவா? அந்தத் தபால்காரரத் தள்ளி வெச்சது யாருன்னு அவருக்குத் தெரியணும். நீங்களே சொல்லுங்க" என்றார்.

இரண்டு பேருடைய கணக்கும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. கவர்கள் வேறொரு அறைக்குப் போயின. தபால்காரருக்கு மறுநாளே பயிற்சி என்று ஏற்பாடாயிற்று.

கவர்க்காரம்மா அவரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. வெயிலில் பார்த்ததையும், கவரை மாற்றியதையும் சொன்னார். டீச்சரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஒரு தாய் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் விசாரித்தது இதைத்தான்.

"அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"பிள்ளையத் தூக்கிட்டாங்க. போன வாரம் இடுப்புல வெச்சுக்கிட்டுதான் வந்தாங்க."

"நல்லது."

எழுந்து கதவுவரை போனவர் திரும்பி நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று கவர்க்காரம்மா இன்றைக்கும் நினைத்துக்கொள்வார்.

"இந்த ஆறு வாரத்துல என் பொண்ணு நடக்கக் கத்துக்கிட்டாம்மா. கையப் பிடிச்சு நடக்க வெச்சது எதிர்வீட்டுக்காரங்க."